அமாங் அஸ் துப்பறியும் ஆட்டமா, வெறும் கத்தலா?

வாசகர் கேள்வி: 4 அக்டோபர் 2020

எல்லாரும் அமாங் அஸ், அமாங் அஸ் என்கிறார்களே என்று நானும் போனில் இறக்கி விளையாடிப் பார்த்தேன். துப்பறியும் ஆட்டம் என்று சொன்னார்கள். எங்கே துப்பு? கைரேகை கிடையாது, விசாரணை கிடையாது. ஒருத்தன் "சிவப்புதான்" என்று எழுதுகிறான், உடனே எல்லாரும் சிவப்புக்கு ஓட்டுப் போட்டு விண்வெளியில் தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு நான். நான் ஒன்றுமே செய்யவில்லை. இது கத்துகிற ஆட்டம். யாராவது மறுக்க முடியுமா?

5 அக்டோபர், காலை

நான் மறுக்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: ஆளுக்கு ஒரு நிறத்தில் எல்லாரும் விண்கப்பலில் வேலை (டாஸ்க்) செய்யும் கப்பல்காரர்கள். அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர், அதாவது கொலைகாரர், ஒவ்வொருவராகக் கொல்வார். உடல் கிடைத்தால் மீட்டிங் கூடிப் பேசி, சந்தேகப்படுகிறவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளவேண்டும். இதில் துப்பு நிறைய இருக்கிறது. தேடுவதற்கு ஆள்தான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆட்டத்தில் நடந்ததையே சொல்கிறேன். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து சித்தப்பா, பெரியப்பா, அத்தை குடும்பங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப் காலில் சேர்ந்து விளையாடுகிறோம். ஆட்டத்தில் 10 பேர் சேரலாம், காலில் 8 பேர்தான் முடியும். அதனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வது வழக்கம்.

எலெக்ட்ரிக்கல் அறையில் ஒரு உடல் கிடந்தது. மீட்டிங்கில் மாமா பையன், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "நான் அட்மின்ல கார்டு தேய்ச்சிட்டு இருந்தேன்." எல்லாரும் சரி என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். ஆறாவது படிக்கும் என் அக்கா மகள் மட்டும் கேட்டாள்: "வேற யாருக்காவது கார்டு டாஸ்க் வந்திருக்கா?"

யாருக்கும் வரவில்லை.

விஷயம் என்னவென்றால், ஸ்கெல்ட் என்கிற அந்த விண்கப்பலில் கார்டு தேய்ப்பதும் வயர் இணைப்பதும் பொது வேலைகள். ஒருத்தருக்கு வந்தால் அந்தச் சுற்றில் எல்லாருக்கும் வரும், ஒருத்தருக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அவள் அதைத் தானே கவனித்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். மாமா பையனிடம் அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. இதைத் துப்பறிதல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இன்னொன்று, திரையின் மேலே இருக்கும் பச்சைக் கோடு. யாராவது ஒரு வேலையை முடித்தால் அது ஏறும். இம்போஸ்டர் வேலை செய்வது போல நிற்கலாமே தவிர, கோட்டை ஏற்ற முடியாது. பக்கத்தில் நின்று, அவர் நகர்ந்த அடுத்த நொடி கோட்டைப் பாருங்கள். அசையவில்லையா, ஆளைக் குறித்து வையுங்கள்.

5 அக்டோபர், இரவு

கேள்வி கேட்டவர் தனிமடலில், தான் முகம் தெரியாதவர்களோடு பொது லாபியில், அதாவது யார் வேண்டுமானாலும் வந்து சேரும் ஆட்டத்தில்தான் விளையாடியதாகச் சொல்கிறார். அது வேறு கதை. அங்கே இம்போஸ்டர் வேஷம் கிடைக்கவில்லை என்றால் பாதிப் பேர் முதல் நிமிடத்திலேயே கழன்றுகொள்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் எழுத்தில் பேசவேண்டும், அதுவும் அவசரத்தில். அங்கே துப்பு சொன்னால் கேட்கக் காது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்களோடு, குரலில் பேசி விளையாடிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

9 அக்டோபர்

"சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்காதா, எப்போதும் தர்க்கம்தானா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்காமலா? பெரியப்பாவும் கார்டும் கதையைச் சொல்கிறேன்.

பெரியப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைய சுற்றில் எல்லாருக்கும் கார்டு வேலை வந்திருந்தது. அட்மின் அறையில் போய் நின்று, பர்ஸிலிருந்து கார்டை உருவி, மெஷினில் இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். பார்த்தால் எளிது. வேகமாக இழுத்தால் "ரொம்ப வேகம், மறுபடி முயலுங்கள்" என்று சிவப்பில் வரும். மெதுவாக இழுத்தால் "ரொம்ப மெதுவு" என்று வரும். நடுவில் விரல் எடுத்தால் படிக்க முடியவில்லை என்று வரும். பெரியப்பாவுக்கு மூன்றும் மாறி மாறி வந்தன.

அவர் நகரவே இல்லை. அட்மின் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், பிரவுன் நிறத்தில் அவர் அங்கேயே நிற்கிறார். முதல் மீட்டிங்கில் சித்தப்பா, "அண்ணன் வேலை செய்யுற மாதிரி நடிக்கிறார்" என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிக்கிறேனா? நீ வந்து தேய்ச்சுப் பார்றா" என்று ஒரு சத்தம். ஓட்டு பிரிந்ததால் தப்பினார். அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் அந்த இடத்திலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். நின்ற இடத்தில் நிற்கிற ஆளைக் கொல்வது எளிதுதானே.

இந்த ஆட்டத்தில் செத்தாலும் வேலை தீராது. ஆவியாக அலைந்து மிச்ச வேலையை முடிக்கலாம், அதுவும் கோட்டில் ஏறும். எல்லாருடைய வேலையும் முடிந்துவிட்டால் கப்பல்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள். அன்றைக்குக் கோடு கிட்டத்தட்ட நிறைந்து நின்றுவிட்டது. உயிரோடு இருந்த மூன்று பேரில் ஒருவர் இம்போஸ்டர். இன்னொரு கொலை நடந்தால் ஆட்டம் போச்சு. கோடு ஏன் நிற்கிறது என்று உயிரோடு இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு, அதாவது ஆவிகளுக்குத் தெரியும். ஆவிகள் எல்லாரும் அட்மின் அறையில் கூடிவிட்டோம். பெரியப்பாவைச் சுற்றி அரைவட்டமாக மிதந்துகொண்டு, ஆவிகள் மட்டும் பார்க்கும் அரட்டையில் "மெதுவா", "இன்னும் கொஞ்சம் வேகமா", "விரலை எடுக்காதீங்க" என்று எழுதித் தள்ளுகிறோம். பெரியப்பாவுக்கு விளையாடிக்கொண்டே அரட்டையைப் படிக்க வராது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறார், மைக்கை அணைத்துவிட்டு.

கடைசியில் பச்சை விளக்கு. "ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி." அந்த நொடியே எல்லார் திரையிலும் வெற்றி. இம்போஸ்டராக இருந்த சித்தப்பா கத்தியைத் தூக்கிக்கொண்டு யாரையோ துரத்திக்கொண்டிருந்தாராம். ஒன்றும் புரியாமல் "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா மைக்கைத் திறந்து சொன்னது ஒரே வார்த்தை: "தேய்ச்சுட்டேன்."

10 அக்டோபர்

கார்டு தேய்க்கும் வேகம் கேட்டவர்களுக்கு: விரலைத் தூக்காமல், ஒரே சீராக, ஏறக்குறைய ஒரு விநாடியைவிடக் குறைவான நேரத்தில் முழு நீளமும் போகவேண்டும். தொடக்கத்தில் தயங்கி முடிவில் வேகம் கூட்டுகிறவர்களுக்குத்தான் தகராறு வருகிறது.

டவுன்லோட் வேலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். திரையில் மீதி நேரம் நாள் கணக்கில் காட்டும், பயப்படாதீர்கள், சில விநாடிகளில் முடிந்துவிடும். எங்கள் சித்தி அந்த நாள் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு ஆகுற காரியமில்லை" என்று பாதியில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரிந்தது.

17 அக்டோபர்

நிறத்தைப் பற்றி எழுதவேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் சாட்சி என்றால் நிறம்தான். ஆளுக்கு முகம் கிடையாது, எல்லாரும் ஒரே உருவம். மெட்பே என்கிற மருத்துவ அறையில் ஸ்கேன் எடுத்தால் எல்லாருக்கும் உயரம் மூன்றரை அடி, எடை 92 பவுண்டு. (அத்தை முதல் தடவை ஸ்கேன் எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட 42 கிலோ என்று கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

அப்படி இருக்கும்போது "பச்சைதான் வென்ட்ல இறங்குச்சு" என்று ஒருவர் சொன்னால் (வென்ட் என்பது இம்போஸ்டர் இறங்கி வேறு அறையில் எழும் காற்றுக்குழாய்), எந்தப் பச்சை? கரும்பச்சை ஒன்று, இளம்பச்சை ஒன்று. நீலம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் சையன் என்கிற வெளிர்நீலம் ஒன்று. ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் நடந்த தவறான தீர்ப்புகளில் பாதி இதனால்தான்.

இதைத் தீர்த்தவர் அத்தை. அவர் செக்யூரிட்டி அறையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேமரா பார்க்கும்போது அதில் சிவப்பு விளக்கு மினுங்கும், இம்போஸ்டருக்குத் தெரிந்துவிடும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம், எழவில்லை. ஆனால் மீட்டிங்கில் அவர் சொல்லும் சாட்சியம் மாதிரி யாருடையதும் இருக்காது. "கிளிப்பச்சை மெட்பேக்குள்ள போனா. பின்னாடியே மயில்கழுத்து போனா. மயில்கழுத்து மட்டும் திரும்பி வந்தா. கத்திரிப்பூ கலர் வாசல்லயே நின்னுட்டு இருந்தா, உள்ளயே போகல." துணிக்கடையில் புடவை எடுத்த பழக்கம் அது. இப்போது எட்டு வயசுப் பையன் உட்பட எல்லாரும் அந்த நிறப் பெயர்களைத்தான் சொல்கிறோம். குழப்பம் சுத்தமாகப் போய்விட்டது. பையன்கள் "மயில்கழுத்து சஸ்" (சந்தேகமான ஆள்) என்று கத்துவதைக் கேட்கவே நன்றாக இருக்கிறது.

18 அக்டோபர்

முதல் கேள்விக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் நேற்று ராத்திரி நடந்தது அவருக்குச் சாதகமாகவும் இருக்கிறது, எனக்குச் சாதகமாகவும் இருக்கிறது.

ஸ்டோரேஜில் உடல். வரிசையாக எல்லாரையும் கேட்டுக்கொண்டு வருகிறோம். "சித்தி, நீங்க எங்க இருந்தீங்க?"

"சமையல்கட்டுல."

மாமா பையன் துள்ளிக் குதித்தான். "கப்பல்ல சமையல்கட்டே கிடையாது! கஃபேடீரியா இருக்கு, ஸ்டோரேஜ் இருக்கு. சமையல்கட்டு எங்க இருக்கு, காட்டுங்க!" சித்தி விடவில்லை. "இருந்தேன்னா இருந்தேன். மூணு விசில் வந்துச்சு, அணைச்சுட்டு வந்தேன்." அவர் சொன்னது அவருடைய வீட்டுச் சமையல்கட்டை. போனை ஊஞ்சலில் வைத்துவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்த நேரம் முழுக்க அவருடைய ஆரஞ்சு உருவம் ஒரு நடைபாதையில் மரம் மாதிரி நின்றிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் வேறு இரண்டு பேர், "ஆரஞ்சு பதுங்கி நின்னுச்சு" என்றார்கள்.

எட்டு ஓட்டு. சித்தி விண்வெளியில் மிதந்து போனார். "ஆரஞ்சு இம்போஸ்டர் இல்லை" என்று திரையில் வந்தது. சித்தி மைக்கை அணைக்க மறந்து, "உண்மையைச் சொன்னதுக்கா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இதில் துப்பு இருந்தது. குக்கர் விசில் வாட்ஸ்அப் காலில் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. மூன்று விசில், அப்புறம் சத்தம் நின்றது, அதற்கு அப்புறம்தான் உடல் ரிப்போர்ட் ஆனது. யாருக்காவது அதைக் கோத்துப் பார்க்கத் தோன்றியிருந்தால் சித்தி பிழைத்திருப்பார். தடயம் கையிலேயே இருக்கிறது, கூச்சல் அதை மூடிவிடுகிறது. அதனால் கேள்வி கேட்டவர் பார்த்தது பொய்யில்லை. நான் சொல்வது, கூச்சல் ஆட்டத்தின் ஒரு பாகம், அதைத் தாண்டிக் கேட்பதுதான் விளையாட்டு.

25 அக்டோபர்

இரண்டு சின்னச் செய்திகள். போன வாரம் லாபிகளில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டி ஆட்டத்தைக் கெடுத்த விஷமத்தைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். சரிசெய்யும் வேலை நடக்கிறது. இந்த ஆட்டத்தைச் செய்த இன்னர்ஸ்லாத் மூன்று பேர் கொண்ட சின்ன அணி. 2018ல் வெளியிட்டது, இரண்டு வருஷம் யாரும் சீண்டாமல் கிடந்து இந்த வருஷம் திடீரென்று ஊரே விளையாடுகிறது. இரண்டாம் பாகம் அறிவித்துவிட்டு, அதைக் கைவிட்டு, இருப்பதையே சீர்செய்கிறோம் என்று போன மாதம் சொன்னார்கள். கொஞ்சம் பொறுமையாக இருப்போம்.

இன்னொன்று, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் 20ஆம் தேதி தேர்தலில் ஓட்டுப் போடச் சொல்லி இந்த ஆட்டத்தை நேரலையில் விளையாடினார். ஒரே நேரத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அரசியலில் இருப்பவர்களும் "நான் இல்லை, நான் இல்லை" என்று நம்மைப் போலவே தவிப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடித்தது.

26 அக்டோபர்

இதன் வேர் நம்ம ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டுதானே என்று ஒருவர் கேட்கிறார். உறவு இருக்கிறது, வேர் அது இல்லை. இதன் நேர் முன்னோர் மாஃபியா என்கிற வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டம். 1986-87 வாக்கில் மாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. அவருடைய யோசனை எளிது: எல்லாம் தெரிந்த ஒரு சிறுபான்மையையும் ஒன்றும் தெரியாத ஒரு பெரும்பான்மையையும் மோதவிடுவது. 1997ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். அதில் எல்லாம் பகலில் பேச்சு, ராத்திரியில் கொலை. தடயம் கிடையாது. அமாங் அஸ் அதனுடன் சேர்த்தது ஒரு வீட்டை, அதாவது அறைகளையும் வாசல்களையும் வேலைகளையும். சீட்டு ஆட்டத்தில் போலீஸ் முகத்தைப் பார்த்துதான் திருடனைப் பிடிக்கவேண்டும். இங்கே முகம் இல்லை, இடமும் நேரமும் இருக்கிறது.

அந்த "எல்லாம் தெரிந்த சிறுபான்மை" என்பதை யோசித்தால்தான் சித்தி ஏன் மாட்டினார் என்று எனக்கு விளங்கியது. மீட்டிங் வரப்போகிறது என்று இம்போஸ்டருக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அதை உண்டாக்குகிறவரே அவர்தான். எங்கே இருந்தேன், யாரைப் பார்த்தேன் என்ற பதிலைத் தயாராக வைத்திருப்பார். குற்றம் செய்யாதவர் வயரைக் கோத்துக்கொண்டிருப்பார், திடீரென்று எல்லாரும் அவரைப் பார்த்து எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள், அவர் தடுமாறுவார். ரொம்பத் தெளிவாகப் பதில் சொல்கிறவரைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் சந்தேகப்படுகிறேன். இது எங்கள் வீட்டில் நன்றாகவே வேலை செய்கிறது.

16 நவம்பர்

தீபாவளிக்குப் பாதிக் குடும்பம் பெரியப்பா வீட்டில் கூடிவிட்டோம். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் ஆடுவது முற்றிலும் வேறு அனுபவம்.

முதல் பிரச்சினை, செத்தவர்கள் கத்துகிறார்கள். "ஐயோ" என்று ஒரு மூலையிலிருந்து வந்தால் யாருக்கு ஆச்சு என்று தெரிந்துவிடுகிறது. தலையணையைக் கட்டிக்கொண்டு, கத்த வந்தால் அதில் முகத்தைப் புதைத்துக்கொள்ளவேண்டும் என்று விதி போட்டோம். அதற்கு அப்புறம் தலையணை அசைந்தாலே கொலை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, மரியாதை. பெரியப்பாவுக்கு எதிராக யாரும் ஓட்டுப் போடுவதில்லை. அவர் வென்ட்டில் இறங்கியதை மருமகள் கண்ணால் பார்த்துவிட்டார். எலெக்ட்ரிக்கலில் இறங்கி செக்யூரிட்டியில் எழுந்திருக்கிறார். சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல், "மாமா அந்தப் பக்கமா வந்தாங்க" என்று மட்டும் சொன்னார். வென்ட்டில் இறங்கினால் இம்போஸ்டர்தான், அதற்கு மேல் விசாரணையே தேவையில்லை. அப்படியும் எல்லாரும் ஸ்கிப், அதாவது யாரையும் வெளியே தள்ளவேண்டாம் என்று, போட்டார்கள். பெரியப்பா அந்தச் சுற்றில் எல்லாரையும் தீர்த்துவிட்டு, "நீங்க என்னைக் கண்டுபிடிக்கவே இல்லையே" என்று சந்தோஷமாகக் கேட்டார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இந்த மாத அப்டேட்டில் அதற்கு வழி வந்துவிட்டது. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரியாமல் மறைக்கும் அமைப்பு. அதைப் போட்டோம், அடுத்த சுற்றிலேயே பெரியப்பா ஏகமனதாக வெளியே போனார்.

அதே அப்டேட்டால் அக்டோபர் 5 அன்று நான் எழுதிய பச்சைக் கோட்டு யோசனைக்கும் திருத்தம் தேவை. கோடு மீட்டிங்கில் மட்டும் ஏறும்படியோ, தெரியவே தெரியாதபடியோ ஹோஸ்ட், அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிறவர், வைக்கலாம். அப்படி வைத்தால் பக்கத்தில் நின்று கோட்டைப் பார்க்கும் வித்தை செல்லாது. எனக்கு மீட்டிங்கில் மட்டும் என்பதே பிடிக்கிறது. அப்போதுதான் ஆட்கள் கோட்டை விட்டுவிட்டு ஆளைக் கவனிக்கிறார்கள்.

3 ஜனவரி 2021

ஒரு சின்னது. நேற்று ஆட்டத்தில் இம்போஸ்டர் கப்பலின் விளக்கை அணைத்தார். பிள்ளைகள் எல்லாம் "லைட் போச்சு, லைட் போச்சு, யாராவது எலெக்ட்ரிக்கல் போங்க" என்று கத்தினார்கள். உள்ளே படுத்திருந்த பாட்டி எழுந்து மெழுகுவத்தியும் தீப்பெட்டியுமாக வந்து நின்றார். கூடத்தில் டியூப் லைட் எரிகிறது. பாட்டி மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், "வந்துருச்சா?" என்று கேட்டார். எட்டு வயசுப் பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னும் இல்ல பாட்டி, மாமா போயிருக்கார்" என்றான். பாட்டி சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

4 ஏப்ரல் 2021

ஏர்ஷிப் என்கிற புது வரைபடம் வந்துவிட்டது. மார்ச் 31 அன்று வெளியானது. இருக்கிற வரைபடங்களிலேயே பெரியது இதுதான், ஏணி எல்லாம் உண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். ரத்தினக்கல்லைத் துடைப்பது, குளியல் துண்டுகளைப் பொறுக்கிப் போடுவது என்று புது வேலைகள்.

அதைவிட முக்கியம், அதில் சமையல்கட்டு இருக்கிறது. பர்கர் செய்யும் வேலைகூட அங்கேதான். சித்திக்குச் சொன்னதும், "அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். இப்போது ஏர்ஷிப் என்றால் சித்தி நேராகச் சமையல்கட்டுக்குத்தான் போகிறார். யார் எங்கே இருந்தீங்க என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான், இந்தத் தடவை ஒருத்தராலும் ஆட்சேபிக்க முடியவில்லை. ஆனால் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நேற்று இரண்டு சுற்றில் அவர்தான் இம்போஸ்டர். சமையல்கட்டில் சித்தி இருப்பது யாருக்கும் சந்தேகமாகவே படவில்லை. ஆறு மாதம் முன்னால் அதே பதிலுக்காக அவரை வெளியே தள்ளியவர்கள், இப்போது அதே பதிலைக் கேட்டதும் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். அக்கா மகள் மட்டும், "சித்திப் பாட்டி, பர்கர்ல என்ன வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். என்னென்ன அடுக்கவேண்டும் என்று திரையில் படம் காட்டும், வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும். சித்தி "உருளைக்கிழங்கு" என்றார். பிடிபட்டார்.

எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த ஒரு கேள்வியைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். எங்கே இருந்தாய் என்று கேட்டால் பொய் வந்துவிடும். வேலைக்குள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டால் வராது.

20 ஜூன் 2021

இப்போது 15 பேர் விளையாடலாம். புதுசாக ஆறு நிறம். அத்தைக்கு உடனே வேலை வந்துவிட்டது. மெரூனை அரக்கு என்றார், டேனைச் சந்தனம் என்றார், ரோஸ் ரோஸாகவே இருந்துவிட்டது. வாழைப்பழ மஞ்சளுக்கும் பழைய மஞ்சளுக்கும் என்ன பெயர் வைப்பது என்பதில் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் அரை மணி நேர வாக்குவாதம், லாபியிலேயே. ஆட்டம் தொடங்கவில்லை. பழைய மஞ்சள் மாம்பழம், புதுசு எலுமிச்சை என்று முடிவானது.

ஆட்கள் கூடியதில் ஒரு நஷ்டம் உண்டு. மீட்டிங்கில் 15 பேரும் பேசினால் யாரையும் கேட்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு 9 அல்லது 10 பேர்தான் சரியான எண்ணிக்கை என்று நினைக்கிறேன்.

14 நவம்பர் 2021

புதுப் பாத்திரங்கள் வந்திருக்கின்றன. மேலே தீபாவளிக் குறிப்பில் வென்ட்டில் இறங்கினால் இம்போஸ்டர்தான் என்று இருக்கிறதே, அது இனிமேல் நடக்காது. இன்ஜினியர் என்கிற பாத்திரம் கப்பல்காரராக இருந்துகொண்டே வென்ட்டில் போகலாம். இப்போது மாமா பையன் எல்லாச் சுற்றிலும் இன்ஜினியர்தான், கேட்டால்.

உருமாறும் இம்போஸ்டர் இதைவிட மோசம். இன்னொருவர் உருவத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லலாம். அத்தை கேமராவில் பார்த்துவிட்டு, "என் ரெண்டு கண்ணால பார்த்தேன், கிளிப்பச்சைதான் குத்தினா" என்றார். கிளிப்பச்சையாக இருந்தது பெரியம்மா. "நான் உன்கூடவே செக்யூரிட்டியில நின்னுட்டு இருக்கேன்டி!" என்று பெரியம்மா. அத்தை திரும்பிப் பார்த்திருக்கிறார், நிஜமாகவே பக்கத்தில் கிளிப்பச்சை நிற்கிறது. கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

அந்தச் சுற்றை நாங்கள் ஜெயித்தோம், கூச்சல் இல்லாமலே ஜெயித்தோம். ஒரே நேரத்தில் ஒரு நிறம் இரண்டு இடத்தில் இருந்தால், இரண்டில் ஒன்று போலி. அத்தைக்குப் பக்கத்தில் நின்றது அசல், அதற்கு அவரே சாட்சி. அப்படியானால் மற்ற எல்லாரும் அந்த நேரத்தில் எங்கே, யாருடைய கண்ணில் பட்டார்கள்? வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தோம். மிச்சம் நின்றது சித்தப்பா.

உருமாறினால் தடயம் விட்டுப்போகும்படி அமைப்பில் வைக்கலாம். புதுசாக ஆடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5 நவம்பர் 2023

இவ்வளவு நாள் கழித்து யாரோ இந்த இழையைத் தோண்டி எடுத்து, ஃபங்கிள் வரைபடம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். போன மாதம் வந்தது. காடும் கடற்கரையும் காளானும். அதில் காளான் குழப்பம் என்று ஒரு நாச வேலை உண்டு, கொஞ்ச நேரத்துக்கு எல்லாருடைய தோற்றத்தையும் கலைத்துப் போட்டுவிடும். அந்த நேரத்தில் நடந்த கொலைக்கு நிறத்தை வைத்துச் சாட்சி சொல்லவே முடியாது. யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்பதுதான் மிச்சம். அத்தை அதற்கும் பழகிவிட்டார். இப்போது நிறம் சொல்லாமல் நடையைச் சொல்கிறார்: "சுவரை ஒட்டியே போனா, அது நம்ம வீட்டுப் பையன்தான், அவனுக்கு நேரா நடக்க வராது." பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

நாலே பேர் இருந்தால் ஆடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆடலாம், நாலு பேர்தான் குறைந்தபட்சம். ஒரு இம்போஸ்டர் வையுங்கள், கொலைக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். இரண்டு கொலையில் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் முதல் உடல் கிடைத்ததுமே நன்றாகப் பேசிவிடுங்கள்.